பதினொரு சிக்ஸர்களின் விலை

2024ஆம் ஆண்டு ஐபிஎல் பருவத்தில், ஏப்ரல் 15 அன்று பெங்களூரில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணி 20 ஓவர்களில் 287 ஓட்டங்களைக் குவித்தது. பதினொரு நாள் கழித்து, கொல்கத்தாவில் 262 ஓட்டங்கள் என்னும் இலக்கைப் பஞ்சாப் அணி எட்டுப் பந்துகள் மீதமிருக்கும்போதே எட்டிப் பிடித்தது. அந்த ஓர் ஆட்டத்தில் மட்டும் இரு அணிகளும் சேர்ந்து அடித்தவை 42 சிக்ஸர்கள். புளியங்குடியின் தேநீர்க் கடைகளில் அந்த வாரம் எலுமிச்சை விலையைக் காட்டிலும் சிக்ஸர் கணக்கே அதிகம் பேசப்பட்டது. எங்கள் ஊரில் அது எளிதில் நடக்கக்கூடியது அன்று.

எலுமிச்சைக்குப் பேர்பெற்ற ஊர் இது. கோடையில் காய் அருகும்போது அதன் விலை உச்சிக்குப் போகும். மழைக்காலத்தில் வரத்துப் பெருகினால் பறிப்புக் கூலிக்கும் கட்டாது. குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியை வகுப்பறையில் பல ஆண்டுகள் நடத்தியவன் நான். கமிஷன் கடைக்கு மூட்டையைக் கொண்டுவரும் எங்கள் விவசாயிகளுக்கு அதை எவரும் நடத்த வேண்டியதில்லை. நாற்பத்திரண்டு சிக்ஸர்கள் விழும் ஓர் ஆட்டத்தில் நாற்பத்திரண்டாவது சிக்ஸருக்கு என்ன மதிப்பு இருந்துவிட முடியும்? அதை நினைவில் வைத்திருப்பவர் எவரேனும் உண்டா? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர், ஒரு நூற்றாண்டுக்கு முன் ஒரே இன்னிங்ஸில் பதினொரு சிக்ஸர்களை அடித்து, அவற்றால் ஒரு நாட்டின் விளையாட்டு வரலாற்றையே நகர்த்திய சி.கே. நாயுடு.

கொட்டாரி கனகையா நாயுடு 1895 அக்டோபர் 31 அன்று நாகபுரியில் பிறந்தார். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட, மத்திய இந்தியாவில் வேரூன்றிவிட்ட வழக்கறிஞர் குடும்பம் அது. நாகபுரியின் ஹிஸ்லாப் பள்ளியில் படிக்கும்போதே கிரிக்கெட் அவரைப் பற்றிக்கொண்டது. ஆறடிக்கு மேல் உயரம், நீண்ட கைகள், நிமிர்ந்த நடை. அவருடைய தோற்றமே எதிரணிக்கு ஒரு செய்தியாக இருந்தது என்று அவரைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

1916இல், தம்முடைய 21ஆம் வயதில், பம்பாயில் இந்துக்கள் அணிக்காக ஐரோப்பியர் அணியை எதிர்த்து முதல்தர ஆட்டத்தில் இறங்கினார். அன்றைய இந்தியக் கிரிக்கெட், மதத்தின் பெயரால் பிரிக்கப்பட்ட அணிகளின் கிரிக்கெட். இந்துக்கள், பார்சிகள், முஸ்லிம்கள், ஐரோப்பியர் என நான்கு அணிகள் மோதும் போட்டியே நாட்டின் மிகப் பெரிய விளையாட்டு விழா. அந்தப் பிரிவினையின் கேடு குறித்துத் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம்; ஒரே மதத்தவர் என்று கூடிய அணிக்குள்ளும் பல்வங்கர் சகோதரர்கள் தலித்துகளாகப் பிறந்த காரணத்தால் தலைமைப் பொறுப்புக்கு நீண்ட காலம் காத்திருக்க நேர்ந்ததைச் சொன்னாலே போதும். நாயுடு களமிறங்கியபோது அணி தள்ளாடிக்கொண்டிருந்தது. முதல் மூன்று பந்துகளைத் தடுத்தாடிவிட்டு நான்காவது பந்தை எல்லைக்கோட்டுக்கு மேலே அனுப்பினார். அவருடைய முதல்தர வாழ்வின் முதல் ஓட்டங்களே ஒரு சிக்ஸரில் வந்தவை.

அன்றைய சிக்ஸரின் அருமையை இன்றைய வாசகருக்கு விளக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இங்கிலாந்தில் பந்து மைதானத்தையே தாண்டி வெளியே விழுந்தால்தான் ஆறு ஓட்டங்கள். அந்த விதி தளர்ந்த பிறகும் பந்தைத் தரையோடு ஆடுவதே கண்ணியம், உயரத் தூக்கியடிப்பது நாட்டுப்புறத்தான் வேலை என்னும் எண்ணம் மறையவில்லை. மட்டைகள் இன்றைய மட்டைகளைப்போல் தடித்த விளிம்பு கொண்டவை அல்ல. எல்லைக்கோட்டைக் கயிறு கட்டி உள்ளே இழுக்கும் வழக்கமும் இல்லை. தலைக்கவசம் என்ற ஒன்றே இல்லை. சிக்ஸர் அரிய பண்டமாக இருந்தது. அரிய பண்டத்துக்கு விலை உண்டு.

1923இல் இந்தூர் சமஸ்தானத்தின் ஹோல்கர் மன்னர் நாயுடுவைத் தம் ஊருக்கு அழைத்துக்கொண்டு, தம் படையில் கேப்டன் பதவி கொடுத்தார். பிற்காலத்தில் அவர் கர்னல் சி.கே. நாயுடு என்று அழைக்கப்பட்டது இதன் தொடர்ச்சியே. பொருளியல் மாணவனாக இந்த ஏற்பாட்டைப் பார்க்கும்போது எனக்கு வியப்பும் சங்கடமும் ஒருங்கே எழுகின்றன. ஒரு விளையாட்டு வீரரின் உழைப்புக்கு அன்று சந்தை இல்லை. புரவலர் மட்டுமே இருந்தார். புலவருக்கு வள்ளல் போல, மட்டையாளருக்கு மகாராஜா. புரவலரின் மனம் மாறினாலோ புரவலரே இல்லாமல் போனாலோ என்ன ஆகும் என்பதற்கு அந்த ஒப்பந்தத்தில் விடை கிடையாது. மாதம் தவறாமல் ஓய்வூதியம் பெறுகிற என் போன்றவர்களுக்கு அந்த நிச்சயமின்மையைக் கற்பனை செய்வதே கடினம்.

1926-27 பருவத்தில் ஆர்தர் கில்லிகன் தலைமையில் எம்சிசி அணி இந்தியாவுக்கு வந்தது. மாரிஸ் டேட் போன்ற முன்னணிப் பந்துவீச்சாளர்கள் அதில் இருந்தார்கள். நவம்பர் இறுதியில் பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் இந்துக்கள் அணியோடு ஆட்டம். முதலில் ஆடிய எம்சிசி 363 ஓட்டங்கள் எடுத்தது. கை ஏர்ல் என்னும் மட்டையாளர் எட்டு சிக்ஸர்களுடன் 130 ஓட்டங்கள் குவித்தார். இப்படி அடிப்பதற்கு இந்தியரிடம் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி பார்வையாளர் நடுவே எழுந்திருக்கும். மறுநாள், டிசம்பர் 1 அன்று, அதற்கு விடை கிடைத்தது.

நாயுடு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகவே களத்தில் நின்றார். 153 ஓட்டங்கள் எடுத்தார். அவற்றுள் 13 பவுண்டரிகள், 11 சிக்ஸர்கள். ஒரே இன்னிங்ஸில் பதினொரு சிக்ஸர்கள் என்பது அன்று உலக சாதனை. செய்தி பரவியதும் அலுவலகங்களிலிருந்தும் கடைகளிலிருந்தும் மக்கள் மைதானத்தை நோக்கி ஓடினார்கள் என்றும், சுற்றுப்புறக் கட்டடங்களின் கூரைகளிலும் மரங்களிலும் ஏறி நின்றார்கள் என்றும் அந்நாளைய வர்ணனைகள் சொல்கின்றன. இந்துக்கள் அணி 356 ஓட்டங்கள் எடுத்தது. ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. எம்சிசி அணியினர் நாயுடுவுக்கு வெள்ளி மட்டை ஒன்றைப் பரிசளித்தார்கள்.

அந்த மைதானத்தின் தன்மையையும் சொல்ல வேண்டும். பம்பாய் ஜிம்கானா வெள்ளையருக்கான மன்றம். இந்தியர் அதில் உறுப்பினராக முடியாது. களத்தில் நின்று ஆட அனுமதிக்கப்பட்டவர்கள், கூடத்தில் அமர்ந்து தேநீர் பருக அனுமதிக்கப்படவில்லை. அந்த மன்றத்தின் கூரை மீதும் நாயுடுவின் பந்து ஒன்று போய் விழுந்தது. அதைக் கண்ட கூட்டம் எழுப்பிய ஓசையில் விளையாட்டு மகிழ்ச்சி மட்டும்தான் இருந்தது என்று நான் நம்பவில்லை.

இந்த இடத்தில் கடலுக்கு அப்பால் சற்றுப் பார்ப்பது பயன் தரும். அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டமும் பேரடிகளின் காலத்துக்குள் நுழைந்திருந்தது. பந்தை வேலிக்கு அப்பால் அடிப்பதற்கு அங்கே ஹோம் ரன் என்று பெயர். பேப் ரூத் 1919இல் ஒரு பருவத்தில் 29 ஹோம் ரன்கள் அடித்தார், அடுத்த ஆண்டே 54, 1927இல் 60. 1920இல் அவர் சேர்ந்த நியூயார்க் யாங்கீஸ் அணியின் உள்ளூர் ஆட்டங்களுக்கு வந்தவர் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது. அந்த ஆட்டத்தின் வரலாற்றில் அதுவே முதல் முறை. 1930ஆம் ஆண்டுப் பருவத்தில் நேஷனல் லீக் அணிகள் அனைத்தும் சேர்ந்த மட்டைச் சராசரியே 0.303. ஆயிரம் வாய்ப்புகளில் 303 வெற்றிகரமான அடிகள் என்று பொருள். தனியொரு வீரர் எடுத்தாலே பாராட்டப்படும் சராசரி அது. அந்த ஆண்டு எல்லாரும் அதை எடுத்தார்கள். பிறகு நிர்வாகிகளே விழித்துக்கொண்டு, அடுத்த பருவத்துக்குப் பந்தின் தோலையும் தையலையும் மாற்றி அடியின் வேகத்தைக் குறைத்தார்கள். எங்கள் ஊரில் வரத்து மிகும்போது காயைப் பறிக்காமல் மரத்தில் விடுவது போன்ற ஏற்பாடுதான் அது.

1930இல் ரூத்தின் ஆண்டுச் சம்பளம் 80,000 டாலர். அவருடைய அடி பணமாக மாறியது. நாயுடுவின் அடிக்கு மாற்றாகக் கிடைத்தது வேறொன்று. அந்தப் பருவம் முழுவதும் நாடெங்கும் ஆடிய கில்லிகனின் அணி ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் திரும்பியது உண்மை. ஆனால் இந்தியர்களை இனிச் சமமானவர்களாக நடத்த வேண்டும், அதற்கு அவர்களுக்கென ஒரு வாரியம் வேண்டும் என்று கில்லிகன் டெல்லியில் பாட்டியாலா மகாராஜாவிடமும் மற்ற அமைப்பாளர்களிடமும் எடுத்துரைத்தார். 1928 டிசம்பரில் இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் பிறந்தது. 1932இல் இந்தியா முதல் டெஸ்ட் ஆட்டத்தில் களமிறங்கியது. ஒரே இன்னிங்ஸால் இவ்வளவும் நடந்துவிட்டது என்று சொல்வது மிகை. பாட்டியாலாவின் பணமும், கிராண்ட் கோவன், டி மெல்லோ ஆகியோரின் அலுவலக உழைப்பும் இல்லாமல் வாரியம் எழுந்திருக்காது. ஆயினும் ஒரு கோரிக்கை மனுவுக்குச் சான்றாவணம் தேவை. அந்தச் சான்றாவணத்தை எழுதியவர் நாயுடு.

இன்று உலகின் மிகப் பணக்காரக் கிரிக்கெட் அமைப்பு அந்த வாரியம்தான். ஆகவே 1926இன் பதினொரு சிக்ஸர்களின் விலையைக் கணக்கிட முயல்பவர், ஆயிரக்கணக்கான கோடிகளிலிருந்து பின்னோக்கி வர வேண்டியிருக்கும்.

1932 இங்கிலாந்துப் பயணத்தின் கதை பலரும் அறிந்தது. அணித் தலைவர் போர்பந்தர் மகாராஜா. துணைத் தலைவர் லிம்ப்டி இளவரசர். ஆட்டத் திறனை வைத்துப் பார்த்தால் தாம் ஒதுங்குவதே நல்லது என்று உணரும் நேர்மை போர்பந்தருக்கு இருந்தது. அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். லிம்ப்டிக்கு உடல்நலக் குறை. ஜூன் 25 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவின் முதல் டெஸ்ட் அணியை நாயுடு வழிநடத்தி வந்தார். அரச குடியில் பிறக்காத ஒருவரின் தலைமையை ஏற்க அணிக்குள்ளேயே சிலருக்கு மனமில்லை. நாயுடுவும் இனிமையாகப் பேசி இணங்க வைக்கும் இயல்பினர் அல்லர். படைத்தளபதி போலக் கட்டளையிடுபவர். ஆட்டம் தொடங்கிய அரைமணி நேரத்தில் இங்கிலாந்து 19 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகளை இழந்து நின்றது. இறுதியில் இந்தியா 158 ஓட்டங்களில் தோற்றாலும், கையில் காயத்தோடு ஆடிய நாயுடு முதல் இன்னிங்ஸில் எடுத்த 40 ஓட்டங்களே அந்த இன்னிங்ஸின் மிக உயர்ந்த எண்ணிக்கை.

அந்தப் பயணத்தின் முதல்தர ஆட்டங்களில் அவர் 1,618 ஓட்டங்கள் குவித்து, 65 விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். பயணத்தில் அவர் அடித்த சிக்ஸர்கள் 32. பர்மிங்காமில் வார்விக்‌ஷயர் அணிக்கு எதிராக 162 ஓட்டங்கள் எடுத்தபோது அடித்த ஒரு பந்து, மைதானத்தை ஒட்டி ஓடும் ரே ஆற்றைத் தாண்டி விழுந்ததாம். அன்று அந்த ஆறு இரு கவுண்டிகளுக்கு எல்லை. தென்காசி மாவட்டத்தில் அடித்த பந்து விருதுநகர் மாவட்டத்தில் விழுந்தது என்று நம் ஊர் இளைஞர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். ஆங்கிலேயர் அதை இன்றும் சிரிக்காமல் சொல்லி வருகிறார்கள். விஸ்டன் ஆண்டுமலர் 1933இல் அந்த ஆண்டின் சிறந்த ஐந்து வீரர்களுள் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்தது.

சென்னைக்கும் அவருக்கும் உறவு உண்டு. பொங்கல் நாள்களில் சேப்பாக்கத்தில் இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் நடந்த மாகாணப் போட்டிகளில் அவர் ஆடியிருக்கிறார். அங்கே அவர் அடித்த ஒரு பந்து மைதானத்துக்கு வெளியே தென்னை மரத்தருகே விழுந்த கதை சென்னைக் கிரிக்கெட் அன்பர்களிடையே வழிவழியாக வருவது. 1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தின் முதல் டெஸ்ட் ஆட்டம் நடந்தபோதும் இந்திய அணித் தலைவர் அவரே. அதற்கு முந்தைய கல்கத்தா டெஸ்டில் அவர் தலைமையில் அறிமுகமானவர், செங்கல்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கத்தில் பிறந்த எம்.ஜே. கோபாலன்.

கோபாலனின் பெயரைச் சொன்னதும் 1936 நினைவுக்கு வருகிறது. கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடிய வீரர் அவர். அந்த ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி, இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணம் ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கம் வென்றது. கோபாலனுக்கு இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட் வாய்ப்பும் கிட்டவில்லை. வாய்ப்புச் செலவு என்னும் கருத்தை விளக்க இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

அந்தப் பயணத்தின் தலைவர் நாயுடு அல்லர், விஜயநகரம் மகாராஜகுமார். செல்வாக்காலும் செலவழிக்கும் ஆற்றலாலும் தலைமையைப் பெற்றவர் அவர். அணி இரண்டாகப் பிளந்தது. லாலா அமர்நாத் பாதியிலேயே தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். உணவு மேசையில் நாயுடுவை அவமதித்த ஒருவருக்கு அதற்குப் பரிசாக டெஸ்ட் வாய்ப்பு வழங்கப்பட்டது என்றொரு செய்தி அன்றிலிருந்து இன்றுவரை சொல்லப்படுகிறது. பயணத்தின் நடுவே மகாராஜகுமாருக்கு சர் பட்டமும் கிடைத்தது. நாயுடு அந்தப் பயணம் முழுவதும் வாய்திறக்காமல் ஆடினார். ஓவல் மைதானத்தில் நடந்த கடைசி டெஸ்டில் கப்பி ஆலன் வீசிய பந்து அவருடைய நெஞ்சில் பலமாகத் தாக்கியது. சுருண்டவர் எழுந்து தொடர்ந்தாடி 81 ஓட்டங்கள் எடுத்தார். அதுவே அவருடைய கடைசி டெஸ்ட் இன்னிங்ஸ். மொத்தம் ஏழு டெஸ்ட்கள், 350 ஓட்டங்கள். எண்களை மட்டும் நம்பும் புள்ளியியல் மாணவன் இந்த வரியைப் பார்த்து நாயுடுவைச் சாதாரண வீரர் என்று தள்ளிவிடக்கூடும். அவர் டெஸ்ட் ஆடத் தொடங்கியபோதே வயது 36 என்பது அந்த வரியில் இல்லை.

பிறகு வந்தது ஹோல்கர் அணியின் காலம். முஷ்டாக் அலி, சர்வாதே, ஜக்தாலே, நிம்பால்கர் முதலியோரைத் திரட்டி, இந்தூரைப் பம்பாய்க்குச் சமமான கிரிக்கெட் தலைநகராக்கினார் நாயுடு. ரஞ்சிக் கோப்பையை அவர்கள் நான்கு முறை வென்றார்கள். என்னை மிகவும் ஈர்ப்பது அவர்கள் தோற்ற ஒரு பருவம்தான். 1945 மார்ச்சில் பம்பாய் பிரபோர்ன் மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து 2,078 ஓட்டங்கள் குவித்தன. பம்பாய் 462, 764. ஹோல்கர் 360, 492. போர்க்காலப் பணியாக மாவ் முகாமில் இருந்த இங்கிலாந்து வீரர் டெனிஸ் காம்ப்டன், ஹோல்கருக்காக ஆட்டமிழக்காமல் 249 ஓட்டங்கள் எடுத்தார். நூறுக்கு மேல் எடுக்கும் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பணம் தருவதாக வணிகர் ஒருவர் அவருக்கு வாக்களித்தாராம். ஆட்டம் முடிந்து பார்த்தால் வணிகர் அவசர வேலையாகக் கல்கத்தாவுக்குப் போய்விட்டாராம். ஊக்கத்தொகை முறையில் எழுத்துவழி ஒப்பந்தம் ஏன் தேவை என்பதற்கு இது ஒரு பாடம்.

பேரடிகளின் பருவத்தில் விலை கொடுப்பவர் பந்துவீச்சாளர். அந்த ஓர் ஆட்டத்தில் நாயுடுவின் தம்பி சி.எஸ். நாயுடு 917 பந்துகள் வீசினார். 11 விக்கெட்டுகள் எடுத்து 428 ஓட்டங்கள் கொடுத்தார். தம்பியின் கைக்கு ஓய்வு கொடுக்காத அந்தத் தலைவரை இரக்கமற்றவர் என்று சொல்வோருக்கு மறுப்புச் சொல்ல என்னால் இயலவில்லை. ஆனால் தமக்கும் அவர் இரக்கம் காட்டியதில்லை. அடுத்த பருவத்தில் மைசூருக்கு எதிராக ஹோல்கர் 8 விக்கெட்டுக்கு 912 ஓட்டங்கள் எடுத்தபோது ஆறு பேர் சதமடித்தார்கள். அறுவருள் ஒருவர் ஐம்பது வயதான நாயுடு. அதே பருவத்தில் பரோடாவுக்கு எதிராக இரட்டைச் சதமும் அடித்தார். 1951-52இல் பம்பாய்க்கு எதிரான ஆட்டத்தில் தத்து பட்கரின் பந்து வாயில் பட்டுப் பற்கள் உடைந்தன. விழுந்த பற்களை ஒதுக்கித் தள்ளிவிட்டு, அடுத்த பந்தை வீசும்படி சைகை காட்டினாராம். அப்போது அவருக்கு வயது 56.

சந்தை அவரைத் தொட்டது ஒரே ஒருமுறை. 1941இல் பாத்கேட் நிறுவனத்தின் கல்லீரல் டானிக்குக்கு அவர் விளம்பரம் தந்தார். வணிகப் பொருள் ஒன்றுக்குப் பெயர் கொடுத்த முதல் இந்தியக் கிரிக்கெட் வீரர் அவரே என்கிறார்கள். இன்று ஒரு சிக்ஸருக்கே விளம்பரதாரர் பெயர் சூட்டப்படுகிறது.

சமஸ்தானங்கள் இந்திய ஒன்றியத்தில் இணைந்தன. 1950களின் நடுவில் ஹோல்கர் அணியும் மறைந்தது. புரவலர் போனார், ஆட்டக்காரர் மட்டும் நின்றார். 1953-54இல் புதிதாகத் தோன்றிய ஆந்திர அணிக்குத் தலைமை ஏற்றார். அறுபதைக் கடந்தபின் உத்தரப் பிரதேசத்துக்கு ஆடினார். 1956-57இல் தம்முடைய கடைசி ரஞ்சி இன்னிங்ஸில் எடுத்தவை 52 ஓட்டங்கள். 1956இல் பத்மபூஷண் விருது அவருக்கு வந்தது. வாரியத்தின் துணைத் தலைவராகவும் தேர்வுக் குழுத் தலைவராகவும் பணியாற்றினார். 1963-64இல், 68 வயதில், பிறந்த நாகபுரியிலேயே தம் கடைசி முதல்தர ஆட்டத்தை ஆடி முடித்தார். 207 ஆட்டங்கள், 11,825 ஓட்டங்கள், 26 சதங்கள், 411 விக்கெட்டுகள். இவற்றுக்கு எடுத்துக்கொண்ட காலம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு.

1967 நவம்பர் 14 அன்று இந்தூரில் அவர் மறைந்தார். அவர் பெயரால் வாரியம் வழங்கும் வாழ்நாள் சாதனையாளர் விருது ஆண்டு விழாவில் ஒளிவெள்ளத்தில் கொடுக்கப்படுகிறது. அவர் பெயரிலேயே இளைஞர்களுக்கான சி.கே. நாயுடு கோப்பையும் உண்டு. அது நான்கு நாள் ஆட்டம். அதில் ஆடி மேலே வர முயலும் பையன்களின் பெயர்கள் தேநீர்க் கடைப் பேச்சுக்கு வருவதில்லை; பெரும்பாலும் காலி இருக்கைகளுக்கு முன்னால்தான் அவர்கள் ஆடுகிறார்கள்.